மேடையில் உன் கைக்கு வரப்போகும் காசு

அன்புள்ள மகனே,

இங்கே அனைவரும் நலம் என்று ஆரம்பிக்க வேண்டும். ஆனால் போன வாரம் இந்த வீட்டில் யாரும் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நான்தான் என்பதால் அந்த வரியை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. உன் கல்யாணம் நின்றுபோகிற நிலைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. போனில் உன் அம்மா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை என்றால் அது அவள் சாமர்த்தியம். நானும் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ ஷிப்ட் முடிந்து வந்து ‘ம்ம், ம்ம்’ என்று கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். விமானம் ஏறுவதற்குள் இதை முழுசாகப் படித்துவிடு.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாலி கட்டி முடிந்து ஆசீர்வாதம் நடக்கும்போது உன் மாமனார் மேடையேறி உன் கையில் ஒரு அம்மன் காசை வைப்பார். நிச்சயம் முடிந்த நாளிலிருந்து அந்தக் காசைப் பற்றி ஜெகதாப்பட்டினம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அவர் சனம் அதைப் பார்ப்பதற்காகவே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். நீ குனிந்து பார்ப்பாய். பார்த்த மாத்திரத்தில் உனக்குத் தெரிந்துவிடும். தெரிவதில் எனக்குப் பயமில்லை, தெரிந்ததும் உன் முகம் போகிற போக்குதான் எனக்குப் பயம்.

திருச்சியில் நாணயக் கண்காட்சிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது. கடைக்காரர் ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து எனக்குக் காட்டினார். நீ எட்டிப் பார்த்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை, மூக்கை மட்டும் லேசாகச் சுளித்தாய். அதை வாங்குவதற்காகப் பக்கத்தில் நின்றவர் உன் மூக்கைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ‘அண்ணே, இனிமே பையன இங்கிட்டுக் கூட்டிட்டு வராதீங்க’ என்றார் கடைக்காரர். திரும்பி வரும் வழியில் நான் உன்னைக் கண்டிக்கவில்லை. பெருமையில் முட்டை போண்டா வாங்கிக் கொடுத்தேன். பிள்ளைக்குக் கண்ணைப் பழக்கத் தெரிந்த எனக்கு மூக்கைப் பழக்கத் தெரியவில்லை.

உன் மாமனார் பத்திரிகை வைக்கப் புதுக்கோட்டைக்கு வந்தவர், அப்படியே அன்னவாசலில் நம் வீட்டுக்கும் வந்தார். உன் அம்மா காபி போட உள்ளே போனதும் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். ‘சம்மந்தி, மாப்பிள்ளைக்கு மேடையில குடுக்கலாம்னு இருக்கேன். ஒங்க வீட்டுக்குப் பொருத்தமா இருக்கணுமேன்னுதான் இம்புட்டும் பண்ணினேன். ஒங்க கண்ணால ஒருதரம் பாத்துச் சொல்லிருங்க’ என்றார். உள்ளே கெட்டியான கண்ணாடி பிளாஸ்டிக் உறை. அதன் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு நம் புதுக்கோட்டை ராஜா காலத்துச் செம்புக்காசு. ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் விஜய. உறைக்குள் மேலே ஒரு சீட்டு, அதில் அறுபத்தைந்து என்று போட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

உனக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை நீ கட்டிக்கொள்ளப் போகிற பவித்ராவிடமும் காட்டுவாய் என்று நினைக்கிறேன், அவளுக்காகச் சொல்கிறேன். காசுக்குத் தரம் போடுவதற்கென்றே வெளிநாட்டில் நிறுவனங்கள் இருக்கின்றன. ஏஜென்ட் மூலம் அனுப்பினால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒன்றிலிருந்து எழுபதுக்குள் ஒரு எண் போட்டு, பிரிக்க முடியாதபடி உறையில் அடைத்து அனுப்புவார்கள். அறுபத்தைந்து என்றால், அச்சிலிருந்து விழுந்தது விழுந்தபடி, யார் கையிலும் புழங்காமல் இருக்கிறது என்று அர்த்தம். தேய்த்துக் கழுவிய காசு எவ்வளவு மினுங்கினாலும் அதற்கு எண் கிடையாது. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள். சேகரிக்கிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட ஊனம் மாதிரி.

நான் வழக்கம்போலத் தீப்பெட்டியை வைத்து எண்ணை மறைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். எண்ணை முதலில் பார்த்துவிட்டால் கண் அதற்குத் தோதாகவே பார்க்கும், உனக்கும் அப்படித்தானே பழக்கினேன். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வாங்கி மெல்லச் சாய்த்தேன். புழங்காத காசென்றால் வெளிச்சம் அதன்மேல் சுற்றி ஓட வேண்டும். இதில் ஓடவில்லை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் துலக்கி வைத்த சொம்பு போல ஒரே மாதிரி மினுங்கியது. மெல்லிய கோடுகள் தெரிந்தன. உறையில் விழுந்த கீறலாக இருக்குமோ என்று ஆட்டிப் பார்த்தேன். உறைக் கீறல் என்றால் சாய்க்கும்போது அம்மனை விட்டு விலகும். இவை விலகவில்லை. வட்டம் வட்டமாக, விரலை வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்த கோடுகள். அம்மனின் முழங்கால் மழுங்கியிருந்தது. கை இடுக்கில் மட்டும் பழைய செம்பின் கறுப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, விரல் அங்கே நுழையவில்லை.

தீப்பெட்டியை விலக்கி எண்ணைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. நான் யார்? பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர்களோ அதையே தொழிலாகச் செய்கிறவர்கள், ஒருவர் பார்த்ததை இன்னொருவரும் பார்த்துச் சரி சொல்லித்தான் எண் போடுவார்களாம். அவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிடுமா என்று மறுபடி லென்ஸை எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். விஜய என்ற எழுத்தின் சுழிக்குள்ளும் அதே கறுப்பு, அதைச் சுற்றி அதே வட்டக் கோடு. உன் மாமனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர்கள் பார்ப்பது குவியலில், அதில் ஒன்று கண் தப்பிப் போயிருக்கிறது, என் கண் தப்பவில்லை என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில், காசை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினேன். ‘சம்மந்தி, இந்த நம்பர் இதுக்குச் சேராது. பாத்தவன் சரியாக் கவனிக்கலை. யாரோ வெவரங்கெட்ட ஜென்மம் புளியப் போட்டுத் தேய்தேய்னு தேச்சு நாசமாக்கி வச்சிருக்கு.’ நான் நிமிர்ந்தபோது அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டினார், கொடுத்தேன். பெட்டிக்குள் வைத்து மூடினார். ‘வாரேன்’ என்றார். காபித் தம்ளரோடு வந்த உன் அம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. முதலில் வேலையாக இருப்பார் என்று நினைத்தோம். அடுத்த நாளும் எடுக்கவில்லை. மீமிசலில் மண்டபம் பிடித்தது அவர்கள், சமையல் பேசியதும் அவர்கள். சமையல்காரர் எனக்குப் போன் போட்டு, ‘என்னண்ணே, பொண்ணு வீட்டுல எத்தனை எலைன்னு அப்பறம் சொல்றோம்னுட்டாங்க. எதும் மாத்தமா?’ என்று கேட்டார். அப்போதும் என் வாய் அடங்கவில்லை. கேட்டார், உள்ளதைச் சொன்னேன், அதற்குக் கோபித்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும் என்று உன் அம்மாவிடம் நியாயம் பேசினேன்.

உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். ‘காசப் பாத்தீங்க, எதிர்ல இருந்த மனுசன் மொகத்தப் பாத்தீங்களா?’ என்றாள். ‘கல்யாணமான புதுசுல எங்க வீட்டு உருளியப் பாத்து ஒட்டுப்போட்ட உருளின்னீங்க. இன்னிவரைக்கும் நான் அத எடுக்கல, அதாச்சும் தெரியுமா ஒங்களுக்கு?’ எனக்குத் தெரியாது, தம்பி. பரண்மேல் ஏன் ஒரு உருளி கிடக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. அவள் விடவில்லை. ‘நம்பர் தப்புன்னதுக்கா ஒரு ஆளு காபி குடிக்காமப் போவாரு? அன்னிக்குச் சொன்னத அப்படியே சொல்லுங்க’ என்றாள். நானும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள். பிறகு, ‘புளி போட்டுத் தேய்க்கிறது யாருங்க? ஆம்பளையா தேய்ப்பான்?’ என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் விளக்குத் தேய்த்த பொம்பளை பவித்ராவின் அம்மா. அந்த அம்மா இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. கடையில் வாங்கிய காசு என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. செத்துப்போனவளை, அவள் புருஷனை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, வெவரங்கெட்ட ஜென்மம் என்றிருக்கிறேன். அதை நினைத்தால் இதை எழுதும்போதும் கூசுகிறது.

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். அம்மா தானும் வருவதாகச் சொன்னாள். செய்தவன் நான், நானே போகிறேன் என்றுவிட்டேன். அறந்தாங்கியில் பஸ் மாறி ஜெகதாப்பட்டினத்தில் இறங்கும்போது நல்ல வெயில். கடற்கரைப் பக்கம் ஆட்கள் கும்பல் கும்பலாக நின்றார்கள். திரும்ப வேண்டிய படகு ஒன்று திரும்பவில்லையாம், எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்களோ என்று பேச்சு. அந்தப் படகுக்கு ஐஸ் கொடுத்தது உன் மாமனாரின் பிளான்ட்தான், அவரும் கரையில்தான் நிற்கிறார் என்றார்கள். இந்த நேரத்தில் நான் வேறு வந்து நிற்கிறேனே என்று கரைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனேன். பவித்ரா கதவைத் திறந்தாள்.

‘வாங்க மாமா’ என்றாள். சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எதிரே நின்றுகொண்டாள். ‘மாமா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அது அம்மா பொறந்த வீட்டுலேருந்து கொண்டாந்த காசு. வெள்ளிக்கிழமைக்கு வெளக்கோட அதையும் சேத்துத்தான் தேய்ப்பாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி கை தூக்க முடியல, என்னையத் தேய்க்கச் சொல்லிட்டுப் பக்கத்துல ஒக்காந்து பாத்தாங்க. நெசமாவே நாங்க அதக் கெடுத்துட்டமா?’

தம்பி, உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்குப் பொய் சொல்லத்தான் தோன்றியது. என் கண் மங்கிப்போச்சு ஆத்தா, அறுபத்தைந்து சரிதான் என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையின் முகத்தைத் தெளிய வைத்துவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் மேடையில் உன் மூக்கு என்னைப் பொய்யனாக்கியிருக்கும். அதற்காக மட்டும் சொல்லாமல் விட்டேன் என்றும் இல்லை. அவள் கேட்டது நிஜமான கேள்வி, அதற்குப் பொய்யைக் கொடுக்க மனசு வரவில்லை. ‘நான் பேசினது தப்பு ஆத்தா. ஒங்கம்மாவ அப்புடிச் சொன்னதுக்கு நீ என்ன மன்னிக்கணும். ஆனா அந்த நம்பர் இதுக்கு இல்ல. அது யாரும் தொடாத காசுக்குக் குடுக்குற நம்பர். இது தொட்ட காசு’ என்றேன்.

‘அது அப்பாவுக்கும் தெரியும்’ என்றாள். ‘நம்பர் வந்த அன்னிக்கு, ஒங்கம்மா தேச்சது அவனுகளுக்குத் தெரியல பாத்தியான்னு சிரிச்சாங்க. அம்மா போனப்பறம் அப்பா அன்னிக்குத்தான் சிரிச்சாங்க, மாமா.’ அப்புறம் அவள் குரல் மாறிவிட்டது. ‘ஒங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி அவுகளுக்கும் தெரிஞ்சிருமே. திருச்சியில மூக்கச் சுளிச்ச கதைய எங்கிட்டச் சொல்லியிருக்காக. மேடையில வச்சு அப்புடிச் சுளிச்சா எங்கப்பா தாங்க மாட்டாங்க. நானும் தாங்க மாட்டேன்’ என்றாள். அந்தக் கதையைப் பெருமையாகத்தானே சொல்லியிருப்பாய், மகனே? அந்தப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு பயந்துபோய்க் கிடந்திருக்கிறது.

மத்தியானம்போல் உன் மாமனார் வந்தார். படகு வந்துவிட்டது, இன்ஜின் கோளாறாம். அந்த நிம்மதியோடு வாசலில் கால் வைத்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நான் எழுந்தேன். ‘சம்மந்தி, அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னேன். அதைத் திருப்பி எடுத்துக்க வந்திருக்கேன்’ என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க வேர்வை இல்லாத பிறகும் துடைத்தார். ‘தேச்சது நெசந்தான சம்மந்தி? தேச்சுத் தேச்சு அம்மன் மொகமே போயிரப்போகுதுடின்னு நானே அவள வஞ்சிருக்கேன். வெறுங்காசாக் குடுத்தா ஒங்க வீட்டுல என்ன நெனப்பீகளோன்னுதான் நம்பர் வாங்கப் போனேன். அதான், நீங்க நம்பரச் சொன்னப்பக்கூட ஒண்ணுமில்ல. அவளச் சொன்னப்பத்தான்...’ என்று நிறுத்திக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் சிக்கல் அப்படியே இருந்தது. ஊரெல்லாம் அறுபத்தைந்து என்று சொல்லியாகிவிட்டது. நம்பரோடு கொடுத்தால் உன் முகம் காட்டிக்கொடுக்கும். கொடுக்காமல் விட்டால் காசு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். நாங்கள் இரண்டு கிழவர்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பவித்ராதான் சொன்னாள்: ‘ஒடச்சிருங்கப்பா. அம்மா அத டப்பாக்குள்ள வச்சா கும்புட்டாங்க?’ அவர் என்னைப் பார்த்தார். உடைத்துவிட்டால் அந்த எண் போனது போனதுதான், பிறகு யாரிடம் அனுப்பினாலும் கிடைப்பது கஷ்டம் என்று நான் சொன்னேன். ‘போனாப் போகுது. கேட்டா, சம்மந்திதான் நம்பர் வேணாம்னுட்டாருன்னு ஒங்க தலையில கட்டிருவேன்’ என்றார். கட்டுங்கள் என்றேன்.

வீட்டை ஒட்டித்தான் ஐஸ் பிளான்ட். குறடு இருந்தால் கொடுங்கள், மூலையில் நெம்பிப் பக்குவமாகப் பிரித்துவிடலாம் என்று நான் சொல்வதற்குள், ஐஸ் உடைக்கிற மரச்சுத்தியை எடுத்துவிட்டார். உறையை ஓரமாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த அடியில் உறை பிளந்து காசு எகிறித் தரையில் விழுந்து, ஐஸ் தண்ணீர் வடிகிற சாக்கடையைப் பார்த்து உருண்டது. அதில் விழுந்தால் நேரே கடல்தான். எங்கள் இரண்டு பேருக்கும் குனிந்து பிடிக்கிற வயதா? பவித்ரா ஈரத்தரையில் அப்படியே முட்டி போட்டுச் சாக்கடை விளிம்பில் வைத்து அமுக்கிவிட்டாள். நான் என்னை அறியாமல் கத்தினேன், ‘ஓரத்தப் புடி ஆத்தா, மொகத்துல வெரல் படக்கூடாது.’ அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். காசைத் துப்பட்டாவில் நன்றாகத் துடைத்தாள். உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள். அவள் அப்பா அந்த மூடிய கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு அழுதார்.

ஆகையால், தம்பி, மேடையில் உனக்கு வருவது வெற்றிலைமேல் வைத்த வெறுங்காசு. எண் இல்லை, உறை இல்லை. வட்டக் கோடுகள் தெரியும், அவை உன் மாமியாருடையவை. கடைசியாக விழுந்த கோடுகள் பவித்ராவுடையவை. அம்மன் தலைக்கு மேலே விளிம்பில் புதிதாக ஒரு வடு இருக்கும், அது நானும் உன் மாமனாரும் செய்தது. யாராவது தரம் கேட்டால் தரமில்லாத காசு என்றே சொல், நீ பொய் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இனி அந்த வீட்டிலிருந்து உனக்கு என்னென்னவோ வரும். உன் கண்ணுக்குத் தப்பாகப் படுவதும் வரும். சொல்லலாம், ஆனால் அது யார் கைப்பட்டது என்று கேட்டுவிட்டுச் சொல். உன் அம்மா நேற்று அந்த உருளியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். உன் கல்யாணப் பாயசம் முதலில் அதில்தான் என்கிறாள்.

காசை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது என்று உனக்கு நடக்கத் தெரிந்த காலத்திலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறேன். அந்த ஒரு நாள் அதை மறந்துவிடு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காதே. உள்ளங்கைக்கு வந்ததும் விரல்களை மூடிக்கொள்.

அப்பா